பழைய மஸ்டாங்கின் பானட் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு நிறுவனத்தின் 1965, 66 மஸ்டாங் கார் வைத்திருப்பவர்கள், புதிதாக ஒன்றை வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மற்றவர்கள் படித்தாலும் பயன்படும், ஏனென்றால் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் பலவற்றுக்கும் பானட்டின் பின்மூலைகளில் இதே மாதிரி கீலும் சுருள் ஸ்பிரிங்கும்தான். ஆனால் அளவுகளும் பாகங்களும் வண்டிக்கு வண்டி மாறும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானட்டைத் திறந்தால் நிற்க மாட்டேன் என்கிறது, மெதுவாகக் கீழே இறங்குகிறது. ஸ்பிரிங்தான் போய்விட்டதா?

பெரும்பாலும் ஆமாம். மஸ்டாங் பானட்டுக்கு முட்டுக்கம்பி கிடையாது, அதன் கனத்தை இரண்டு பக்கக் கீல்களிலும் இருக்கும் ஸ்பிரிங்குகள்தான் தாங்குகின்றன. இந்தக் கார் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது, கணக்குப் போட்டால் அறுபது வருடம் தாண்டிவிட்டது. ஆலையில் மாட்டிய ஸ்பிரிங்கே இன்னும் இருந்தால் அது தளர்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

புது ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். பானட்டை முழுக்கத் திறந்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்விளிம்பைப் பிடித்து இடது வலமாக ஆட்டுங்கள். கீலுக்குள் லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் கீலின் ரிவெட்டுகள் தேய்ந்திருக்கின்றன. அந்தக் கீலில் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் மாட்டினாலும் பானட் நேராக உட்காராது, கீலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, உடையவும் இல்லை. பிறகு எப்படித் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள்?

இது இழுவிசையில் வேலை செய்யும் ஸ்பிரிங். செய்யும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி அழுத்தும்படி சுற்றியிருப்பார்கள், அந்த ஆரம்ப இறுக்கத்தைத் தாண்டி இழுத்தால்தான் சுற்றுகள் பிரியவே ஆரம்பிக்கும். பானட் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் மிக அதிகமாக நீண்டிருக்கிறது, திறக்கும்போது சுருங்குகிறது. பல வருடம் கொட்டகையில் மூடியபடியே நின்ற காரில் ஸ்பிரிங் அத்தனை வருடமும் முழு நீட்டத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். எஃகின் விறைப்பு குறைந்துவிடுவதில்லை, நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டுபோய் அந்த ஆரம்ப இறுக்கத்தைத்தான் இழக்கிறது. அதனால்தான் முழுக்கத் திறந்த நிலையில், பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில், பானட் இறங்கிவிடுகிறது.

கழற்றியபின் சோதிப்பது சுலபம். சும்மா மேஜையில் கிடக்கும் ஸ்பிரிங்கை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒட்டியிருக்கும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கூடவே இரண்டு முனைக் கொக்கிகளின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், அங்கே பள்ளம் விழுந்திருந்தாலோ துரு அரித்திருந்தாலோ சுற்றுகள் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். இந்த ஸ்பிரிங்குகள் உடைந்தால் பெரும்பாலும் கொக்கி வளைவில்தான் உடையும்.

ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரு பக்கம் புது ஸ்பிரிங் பலமாக இழுக்க, மறுபக்கம் பழையது தளர்ந்து கிடக்க, பானட் ஒவ்வொரு தடவையும் முறுக்கிக்கொண்டு திறக்கும். தகடு நீளமானது, நடுவில் பெரிய பலம் இல்லை. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் வாங்கிய ஜோடியாக இருந்தால் இன்னும் நல்லது.

எந்த ஸ்பிரிங் வாங்குவது? என் காரில் வி8, நண்பர் காரில் ஆறு சிலிண்டர். வேறு வேறா?

எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்பிரிங் தூக்குவது பானட்டை மட்டும்தான். 65க்கும் 66க்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தும். 67இல் காரின் உடலே பெரிதாகிவிட்டது, அந்த வருடத்திலிருந்து மேலே உள்ளவற்றுக்கு வருடத்தைச் சொல்லித் தனியாகக் கேட்டு வாங்குங்கள். டியர்பார்ன், சான் ஹோசே, மெடுச்சன் ஆகிய மூன்று ஆலைகளிலும் லட்சக்கணக்கில் கட்டிய கார் என்பதால் மறுதயாரிப்புப் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. தரம்தான் சீராக இருக்காது. வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், பழையதோடும் ஒப்பிடுங்கள். இரண்டு ஸ்பிரிங்கும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள்.

வீட்டில் செய்வது ஆபத்து என்கிறார்களே. உண்மையிலேயே நாமே செய்யலாமா?

செய்யலாம். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். விரலை ஒடிக்கும் அளவுக்கு ஸ்பிரிங்கில் இழுவிசை தேங்கியிருக்கிறது. ஸ்குரூடிரைவரையோ இடுக்கியையோ வைத்து நெம்பிக் கழற்றுபவர்களுக்குத்தான் காயம் படுகிறது, கருவி வழுக்கினால் ஸ்பிரிங்கும் கருவியும் சேர்ந்து முகத்துக்கு வரும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். பானட்டைக் கொஞ்சம் இறக்கினால் அதுவே ஸ்பிரிங்கை இழுத்துத் தருகிறது, ஏற்றினால் அதுவே தளர்த்தித் தருகிறது. அந்த அசைவையே வேலைக்குப் பயன்படுத்தினால் உங்கள் கைபலம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி, கனமான கையுறை, கூட ஒரு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஸ்பிரிங் கழற்றும் கொக்கிக் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கும், இருந்தால் நல்லது. பிரேக் ஸ்பிரிங் இடுக்கி இதற்குப் போதாது, வாங்கி வீணாக்காதீர்கள். கருவி இல்லாமலும் செய்யலாம்: ஒரே கனமுள்ள தட்டை வாஷர்கள் நிறைய, ஒரு மெல்லிய கம்பி அல்லது நூல், மேஜையில் இறுக்கிய நல்ல வைஸ், பானட்டுக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரச்சட்டம், தடித்த பழைய துணிகள். கீலைக் கழற்ற வேண்டி வந்தால் அங்குல அளவு சாக்கெட்டுகள் வேண்டும், மில்லிமீட்டர் செட்டை வைத்து ஒப்பேற்றினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

சரி, பழைய ஸ்பிரிங்கை எப்படிக் கழற்றுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் பானட்டின் பின்மூலைகளுக்கும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டுக்கும் இடையில் தடித்த துணி வையுங்கள், மூலை இடித்தால் பெயின்ட் போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஏர் கிளீனர் கழற்றியிருந்தால் கார்ப்புரேட்டர் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், வாஷர் ஒன்று உள்ளே விழுந்தால் கதையே வேறாகிவிடும். ஸ்பிரிங் இரண்டு முனையிலும் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் துணைக்கு நிற்பவர் பானட்டை மெதுவாகப் பாதி வரை இறக்கி, மரச்சட்டத்தை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் அடி ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கட்டி இரும்பில் நிற்கட்டும், ரேடியேட்டர் மேலோ பேட்டரி மேலோ வேண்டாம். இப்போது ஸ்பிரிங் நீண்டு, சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வாஷரைச் செருகுங்கள், ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் செருகினால்தான் வளையாமல் நிற்கும். விரலை எக்காரணம் கொண்டும் சுற்றுகளுக்கு நடுவில் விடாதீர்கள், வாஷரின் விளிம்பைப் பிடித்துத் தள்ளுங்கள். எல்லா வாஷரையும் முன்கூட்டியே ஒரு கம்பியில் தளர்வாகக் கோத்துவைத்துக்கொண்டால் தொலையாது, எண்ணவும் வசதி.

இனி பானட்டை முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். கீல் சுருங்கி வரும், ஸ்பிரிங்கால் சுருங்க முடியாது, அதனால் கொக்கி தானாகத் தளர்ந்துவிடும். கையால் தூக்கி எடுத்துவிடலாம். எடுத்த ஸ்பிரிங்கில் வாஷர்கள் இன்னும் அழுத்தத்தில்தான் இருக்கின்றன, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஒரு கனத்த துணியில் சுற்றி, வைஸில் ஒரு முனையைப் பிடித்து வளைத்து வாஷர்களை உதிர்த்துவிடுங்கள். முதல் ஸ்பிரிங்கை எடுத்த நொடியிலிருந்து பானட்டை முட்டுச்சட்டம் தாங்க வேண்டும், மறுபக்கத்து ஸ்பிரிங்கை நம்பி விடாதீர்கள்.

இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் புதியதை மாட்டணுமா?

வேண்டாம், ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

புது ஸ்பிரிங் கையால் ஒரு மில்லிமீட்டர் கூட நீள மாட்டேன் என்கிறதே, எப்படி மாட்டுவது?

நீளக்கூடாதுதான், நல்ல ஸ்பிரிங்கின் அடையாளம் அது. ஒரு முனைக் கொக்கியை வைஸில் பிடியுங்கள். மறுமுனையில் ஒரு குழாயையோ தடித்த கம்பியையோ கோத்து ஸ்பிரிங்கை ஒரு பக்கமாக வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் சுற்றுகள் பிரியும், அங்கே வாஷர்களைச் செருகுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் வளைத்து அங்கேயும் செருகுங்கள். வளைப்பதை ஒருவர், செருகுவதை இன்னொருவர் என்று செய்தால் அவசரமில்லாமல் முடியும், ஸ்பிரிங்கின் மேல் ஒரு கனத்த துணியைப் போட்டுவைத்தால் வாஷர் தெறித்தாலும் துணியிலேயே நிற்கும்.

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது எத்தனை வாஷர் போனதோ, அதைவிடச் சில அதிகம் தேவைப்படும், ஏனென்றால் புதியது அதைவிடக் குட்டையாக இருக்கும். நீளம் கிடைத்ததும் பானட்டை முழுக்கத் திறந்த நிலையில் இரண்டு கொக்கிகளையும் கீலில் மாட்டி, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு துணையாள் பானட்டை மெல்ல மெல்ல இறக்கட்டும். ஸ்பிரிங் மேலும் நீளும், வாஷர்கள் தளர்ந்து விழும். கோத்த கம்பி இருப்பதால் ஒரே மாலையாக வெளியே வந்துவிடும். எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்த பிறகுதான் முழுக்க மூட வேண்டும்.

கீலுக்கு எண்ணெய் விட்டால் போதுமா, கழற்றிச் சுத்தம் செய்யணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது இதுதான். ஸ்பிரிங் கழன்று கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கீல் எவ்வளவு சுலபமாக அசைகிறது என்று உண்மையாகத் தெரியும். முட்டுச்சட்டத்தை எடுத்துவிட்டு, பானட்டின் கனத்தை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்காவது பிடித்தால், கிறீச் என்று சத்தம் வந்தால், ஒவ்வொரு இணைப்புப் புள்ளியிலும் துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஊறவிட்டு, பலமுறை அசைத்து, வரும் அழுக்கைத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் வையுங்கள். அழுக்கு நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பானட் மடிந்துபோவது இப்படித்தான். கீல் இறுகியிருக்கிறது, புது ஸ்பிரிங் பலமாக எதிர்க்கிறது, நீங்கள் முன்விளிம்பைப் பிடித்து அழுத்துகிறீர்கள். பின்பக்கம் இறங்க மறுக்க, தகடு நடுவில் எங்கே பலவீனமோ அங்கே மடிப்பு விழுகிறது. விழுந்த மடிப்பைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடிப்பதற்கு ஆகும் செலவில் கீல் இரண்டையும் புதிதாகவே வாங்கிவிடலாம்.

மாட்டிய பிறகு பானட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்கு முன்பு இப்படி இல்லை. ஸ்பிரிங் தப்பா?

முதலில் மேலே சொன்ன எண்ணெய் வேலை முழுமையாக நடந்ததா என்று பாருங்கள், பத்தில் பாதி தடவை அதுதான். அது சரியென்றால் காரணம் இதுவாக இருக்கும்: பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்த காலத்தில் யாரோ கீலை அதற்கு ஏற்றபடி நகர்த்தி வைத்திருப்பார்கள், புது ஸ்பிரிங்கின் பலத்துக்கு அந்த இடம் இப்போது பொருந்தவில்லை.

கீலை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளின் துளை நீளவாட்டில் இருப்பது உயரத்தைச் சரிசெய்ய. கீலையும் பானட்டையும் பிணைக்கும் போல்ட்டுகள் முன்னும் பின்னும் நகர்த்த. எதைத் தளர்த்துவதற்கு முன்னாலும் கீலின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும், போல்ட்டைக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தி, துளி துளியாக இறக்கிப் பாருங்கள். பானட்டின் முன்பக்க உயரம் கீலில் இல்லை, முன்னால் இருக்கும் ரப்பர் தாங்கிகளைத் திருகி அதைச் சரிசெய்ய வேண்டும்.

பானட்டையே கழற்றிவிட்டு வேலை செய்தால் சுலபமில்லையா?

தேவையில்லை. கீலை மாற்றுவதென்றால் வேண்டியிருக்கும், ஸ்பிரிங்குக்கு வேண்டாம். அப்படியும் கழற்றுவதென்றால் பானட்டை முழுக்கத் திறந்த நிலையில் மட்டுமே போல்ட்டைத் தொடுங்கள். முழுக்கத் திறந்திருக்கும்போது கீல் தன் கடைசி எல்லையில் நிற்கிறது, பானட் போனாலும் அதற்கு மேல் துள்ள இடமில்லை. பாதி மூடிய நிலையில் போல்ட்டைக் கழற்றினால் தாங்கிக்கொண்டிருந்த கனம் திடீரென்று போய், கீல் படாரென்று மேலே பாயும். பானட் இல்லாத கீலைக் கையால் கீழே அமுக்கிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம்.

பழைய ஸ்பிரிங்கையே சூடேற்றியோ, ஒரு சுற்றை வெட்டியோ சரிசெய்ய முடியாதா?

முடியாது. டார்ச் வைத்துச் சூடேற்றினால் எஃகின் பதம் இறங்கிவிடும், இருந்த இறுக்கமும் போய்விடும். சுற்றை வெட்டினால் மீதிச் சுற்றுகள் குறைந்து ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும், அதோடு புதுக் கொக்கி வளைக்க வேண்டும். கடினமான கம்பியைக் குளிர்ந்தபடி வளைக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரும். கொக்கியில்தான் உடையும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

துருவை வினிகரில் ஊறப்போட்டு எடுத்து, துத்தநாக முலாம் பூசலாம் என்று இருக்கிறேன். சரியா?

மற்ற பாகங்களுக்குச் சரி, ஸ்பிரிங்குக்கு வேண்டாம். அமிலத்தில் ஊறும்போதும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான இரும்பு அதைப் பொருட்படுத்தாது, ஸ்பிரிங் மாதிரிக் கடினமான எஃகு அதனால் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். மாட்டும்போது ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் இழுவிசையில் நிற்கும்போதே படக்கென்று முறியும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதை முறையாகச் செய்து தருவார்களா என்று பட்டறையில் நேரடியாகக் கேளுங்கள், மழுப்பினால் கொடுக்காதீர்கள்.

அசல் தோற்றம் வேண்டுபவர்கள் பாஸ்பேட் பூச்சு உள்ள ஸ்பிரிங்காகவே வாங்கிவிடுங்கள், எண்ணெய்த் துணியால் அவ்வப்போது துடைத்தால் துரு அண்டாது. பவுடர் கோட்டிங் பளபளவென்று இருக்கும், ஆனால் ஒட்டியிருக்கும் சுற்றுகளைப் பூச்சு இணைத்துவிடுவதால் முதல் தடவை நீளும்போதே உரிந்து கொட்டும்.

ஃபைபர் பானட் போட்டிருக்கிறேன். அதற்கும் இதே ஸ்பிரிங்கா?

கூடாது. எஃகு பானட்டின் கனத்துக்கு என்று செய்த ஸ்பிரிங், இலேசான ஃபைபர் பானட்டைப் பின்பக்கம் தள்ளித் தூக்கி, மூடும்போது கீல் பக்கத்தில் வெடிக்க வைத்துவிடும். பலம் குறைந்த ஸ்பிரிங் போடுங்கள், அல்லது ஸ்பிரிங்கே இல்லாமல் முட்டுக்கம்பி வைத்து, முன்னால் பானட் பின்களால் (பானட்டை வெளியிலிருந்து பிடித்துவைக்கும் ஊசிகள்) பூட்டுங்கள். மஸ்டாங்கின் பந்தய வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350இல் ஃபைபர் பானட்டுக்குப் பின்கள்தான் போட்டிருந்தார்கள், ஆகவே அந்தக் காருக்கு அது அந்நியமான தோற்றமும் இல்லை.

எதற்கு இந்தப் பாடு, ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்கு குழாய்) கிட் போட்டுவிட்டால் என்ன?

போடலாம், தினமும் ஓட்டும் வண்டியென்றால் நான் தடுக்க மாட்டேன். திறப்பது மென்மையாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வாயு, குளிரில் அழுத்தம் குறையும், மிச்சிகன் பக்கத்துப் பனிக்காலத்தில் கோடையில் நின்ற மாதிரி நிற்காது. சில வருடங்களில் கசிந்து தளர்ந்துவிடும். சில கிட்டுகளுக்கு உடலில் துளை போட வேண்டும், துளை போட்ட பிறகு பழையபடி ஆக்குவது வெல்டிங் வேலை. அசல் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் போட்டிகளுக்குக் காரைக் கொண்டுபோகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் ஸ்பிரிங்கிலேயே இருங்கள். மூன்று ஆலைக் கார்களிலும் அறுபது வருடம் வேலை பார்த்த ஏற்பாடு அது, கீலுக்குக் கிரீஸ் வைத்தால் போதும்.

டிக்கி மூடியும் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்கும் இதே வாஷர் முறைதானா?

இல்லை. இந்த மஸ்டாங்குகளின் டிக்கியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, குறுக்காகப் போகும் இரண்டு நீளக் கம்பிகள் முறுக்கு விசையால் மூடியைத் தூக்குகின்றன. அங்கே வாஷர் செருக இடமே இல்லை. மூடியை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்து, கம்பியின் வளைந்த முனையில் ஒரு உறுதியான குழாயைக் கோத்து, பிடி தளராமல் பள்ளத்திலிருந்து மெதுவாக விடுவிக்க வேண்டும். கம்பி எந்தப் பக்கம் வீசப்போகிறது என்று முதலில் பார்த்து, முகமும் பின்கண்ணாடியும் அந்த வழியில் இல்லாதபடி நின்றுகொள்ளுங்கள்.